அரசு ஊழியர் சங்கம்: ஷாப் ஸ்டீவர்ட் கணக்கு, சந்தாப் பிடித்தம், 7 நாள் அறிவிப்பு – டர்பன் நண்பர்கள் விளக்க முடியுமா?

கதிர்_பீனிக்ஸ்

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் நாங்கள் நடத்தும் தமிழ் வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அரசு வேலையில் இருக்கிறார்கள். மருத்துவமனை, பள்ளிக்கூடம், மாநகராட்சி என்று. அவர்களுக்காகத் தொழிற்சங்கம் பற்றி நாலு பக்கத்தில் ஒரு தமிழ்க் குறிப்பு தயாரிக்கிறோம். சட்டம் ஆங்கிலத்தில் கிடைக்கிறது. எந்தப் பிரிவு எதற்கு, நடைமுறையில் எங்கே சிக்கும் என்று சொல்லத் தெரிந்தவர்கள்தான் வேண்டும்.

மாகாணச் சுகாதாரத் துறையின் ஒரு மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரே சங்கத்தில் 130 உறுப்பினர்கள். எத்தனை ஷாப் ஸ்டீவர்ட் (பணியிடத்தில் சங்க உறுப்பினருக்காகப் பேசும் பிரதிநிதி) தேர்ந்தெடுக்கலாம்? ஒருவர் சங்கம் மாறினால் பழைய சங்கத்துக்கு மாதக்கணக்கில் சந்தா பிடிக்கிறார்களே, அது ஏன்? சம்பள உயர்வை, அரசும் சங்கங்களும் பேரம் பேசும் பேரவை இருக்கும் செஞ்சூரியனில் பேசி முடித்துவிடுகிறார்கள் என்றால் கிளைக்கு என்னதான் வேலை? வேலைநிறுத்தத்துக்குத் தனியார் கம்பெனியில் 48 மணி நேர அறிவிப்பு போதும் என்னும்போது அரசு ஊழியருக்கு மட்டும் 7 நாள் என்பது எங்கிருந்து வந்தது? கொஞ்சம் வரலாற்றோடு சொன்னால் குறிப்பில் அப்படியே சேர்த்துக்கொள்வோம்.

---

மரிட்ஸ்பர்க்_முத்து

வணக்கம் தம்பி. வரலாற்றை நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

இந்த நாட்டில் தொழிற்சங்கங்களுக்குப் பதிவும் பேச்சுவார்த்தை உரிமையும் கொடுத்த பெரிய சட்டம் 1924-இல் வந்த தொழில் சமரசச் சட்டம். பாஸ் என்ற நடமாட்ட அனுமதிச் சீட்டைச் சுமக்க வேண்டியிருந்த ஆப்பிரிக்கத் தொழிலாளியை ‘ஊழியர்’ என்ற சொல்லின் விளக்கத்துக்கு வெளியே நிறுத்தியது அது. அரசுப் பணியாளரும் வெளியே. 1956-இல் சட்டத்தைத் திருத்தி எழுதியபோது பல இனத்தவரும் சேர்ந்த புதிய சங்கங்களுக்குப் பதிவே கிடையாது என்று ஆக்கினார்கள். ஆகவே அரசு வேலையில் இருந்தவர்களுக்குப் பல பத்தாண்டுகள் இருந்தது சங்கம் அல்ல, அசோசியேஷன். மனு கொடுக்கலாம், ஆலோசனை சொல்லலாம், வேலையை நிறுத்தக் கூடாது. 1920-இல் தொடங்கிய பி.எஸ்.ஏ. என்ற அரசு ஊழியர் அமைப்பு அந்த வழியில் வந்தது. இன்று அது எல்லா இனத்தவருக்குமான பெரிய சங்கம், வேலைநிறுத்தமும் செய்கிறது. ஆனால் அதன் பழைய உருவம் அதுதான்.

நம்மவர்கள் பக்கம் இரண்டைக் கட்டாயம் எழுதுங்கள். முதலாவது, 1925-இல் தொடங்கிய நட்டால் இந்திய ஆசிரியர் சங்கம். அது பின்னால் பெயர் மாறி டாசா ஆனது. இன ஆட்சி முடியும் நேரத்தில், ஆசிரியர்களுக்கெல்லாம் ஒரே சங்கம் வேண்டும் என்று 1990 அக்டோபரில் சாட்டு பிறந்தபோது டாசா அதில் கரைந்தது. இந்திய ஆசிரியர்கள் தங்களுக்கென்று இருந்த கட்டுக்கோப்பான அமைப்பைத் தாங்களே கலைத்துவிட்டுப் பொதுச் சங்கத்துக்குப் போனார்கள். அது சின்ன முடிவு அல்ல.

இரண்டாவது, டர்பன் மாநகராட்சி. சோம்ட்சியூ சாலைப் பக்கம் இருந்த மேகசின் பேரக்ஸில் குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் மாநகராட்சியில் துப்புரவு, சாலை, தோட்ட வேலை செய்த தமிழ், தெலுங்குக் குடும்பங்கள். வேலை கொடுத்தவரே வீடும் கொடுத்தார். அதனால் வேலையை இழந்தால் கூரையும் போய்விடும். அந்த நிலையில் ஒருவர் சங்கத்தில் சேர்ந்தார் என்றால் அதன் கனம் என்ன என்று இளையவர்கள் உணர வேண்டும். 1960-களில் அவர்களைச் சாட்ஸ்வர்த்துக்குக் குடிமாற்றினார்கள். 1973 ஜனவரி 9-ஆம் தேதி கரோனேஷன் செங்கல் சூளையில் தொடங்கிய வேலைநிறுத்த அலை பிப்ரவரியில் மாநகராட்சியையும் தொட்டது.

அந்த அலைக்குப் பிறகுதான் தொழிலாளர் சட்டங்களை ஆராய்ந்த வீஹான் ஆணையமும், ஆப்பிரிக்கத் தொழிலாளர் சங்கங்களைப் பதிவு செய்யலாம் என்ற 1979-ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்தன. 1985 டிசம்பர் 1-ஆம் தேதி இதே டர்பனில், நட்டால் பல்கலைக்கழகத்தில் காசாட்டு என்ற சங்கக் கூட்டமைப்பு தொடங்கியது. 1987 ஜூனில் கல்வி, சுகாதார ஊழியருக்கு நெஹாவு. 1989-இல் காவல், சிறைத் துறை ஊழியருக்கு பாப்க்ரு. கவனியுங்கள்: நெஹாவுவும் பாப்க்ருவும் பிறந்தபோது அரசு ஊழியர் வேலையை நிறுத்தச் சட்டத்தில் இடமே இல்லை. உரிமை பிறகு வந்தது, சங்கம் முன்னே வந்தது.

1993-94-இல் கல்விக்கும் அரசுப் பணிக்கும் தனித்தனிச் சட்டம் போட்டார்கள். பிறகு 1995-ஆம் ஆண்டின் 66-ஆம் எண் சட்டம், அதாவது நாம் எல்.ஆர்.ஏ. என்று சொல்கிற தொழிலாளர் உறவுச் சட்டம், 1996 நவம்பர் 11 முதல் நடைமுறைக்கு வந்தது. சுரங்கத் தொழிலாளிக்கும் தாதிக்கும் ஒரே சட்டம் என்பது அன்றிலிருந்துதான். ராணுவமும் உளவுத் துறையும் மட்டும் வெளியே. ராணுவத்தினரும் சங்கம் வைத்துக்கொள்ளலாம் என்று அரசியல் சாசன நீதிமன்றம் 1999-இல் தீர்ப்பளித்தது.

ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்தபோது, அரசு என்ற முதலாளி வேறு மாதிரி என்பதை அங்கங்கே தனி எண்களாக எழுதிவைத்தார்கள். உங்கள் 7 நாள் அதில் ஒன்று: அரசு முதலாளியாக இருந்தால் மக்களுக்கான சேவைக்கு மாற்று ஏற்பாடு செய்ய அவகாசம் வேண்டும் என்ற எண்ணம். சந்தாவை நிறுத்த 3 மாதம் என்பது இன்னொன்று. அதைச் செல்வி அக்கா என்னைவிட நன்றாகச் சொல்வார்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் உங்கள் வகுப்பில் இருந்தால் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே 2003-இல் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களை லட்சக்கணக்கில் வேலையைவிட்டு நீக்கினார்கள். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கே அந்த உரிமை அரசியல் சாசனத்தின் 23-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அங்கிருந்து வருகிறவர்களுக்குச் சங்கம் என்றாலே ஒரு பயம் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

---

செல்வி_சாட்ஸ்வர்த்

கதிர், நான் காகித வேலையைச் சொல்கிறேன். அரசுப் பணியில் சங்கத்தின் பலம் பேச்சில் இல்லை, பெர்சாலில் இருக்கிறது. பெர்சால் என்றால் சம்பளக் கணினி. யார் பெயருக்கு எதிரே எந்தச் சங்கத்தின் பிடித்தம் ஓடுகிறதோ அதை வைத்துத்தான் எண்ணுகிறார்கள். பேரவையில் ஒவ்வொரு சங்கத்துக்கும் எவ்வளவு வாக்கு எடை என்பது டிசம்பர் 31-ஆம் தேதிக் கணக்குப்படி. கூட்டத்துக்குத் தவறாமல் வருகிறவர், கொடி பிடிக்கிறவர், ஆனால் படிவம் பெர்சாலில் ஏறவில்லை என்றால் அவர் கணக்கில் இல்லை. அதனால் புதிய உறுப்பினர் சேர்ப்பை அக்டோபருக்குள் முடித்துவிட வேண்டும். நவம்பரில் வாங்கும் படிவம் மேசையில் தேங்கி ஜனவரியில்தான் ஏறும்.

படிவத்தில் எங்கே தப்பு நடக்கிறது? பெர்சால் எண் 8 இலக்கம். அதில் ஒன்று மாறினாலும் பிடித்தம் ஏறாது, அல்லது வேறொருவர் சம்பளத்தில் ஏறும். சம்பளச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்து எழுதச் சொல்லுங்கள், நினைவிலிருந்து எழுத விடாதீர்கள். கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதி இல்லாத படிவத்தை மனிதவளப் பிரிவு திருப்பி அனுப்பும். மூன்று நகல் எடுங்கள்: மனிதவளப் பிரிவுக்கு ஒன்று, மாகாண அலுவலகத்துக்கு ஒன்று, கிளைக் கோப்புக்கு ஒன்று. கிளை நகலில் மனிதவளப் பிரிவின் முத்திரையும் பெற்ற தேதியும் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ‘எங்களிடம் வரவே இல்லை’ என்ற பதிலுக்கு மறுபேச்சு பேச முடியாது.

இனி சட்டம். எல்.ஆர்.ஏ. 13-ஆம் பிரிவுதான் ஸ்டாப் ஆர்டருக்கு, அதாவது சம்பளத்திலேயே சந்தா பிடிப்பதற்கு, அடிப்படை. ஊழியர் எழுத்தில் அனுமதி கொடுத்ததும் முதலாளி கூடிய சீக்கிரம் பிடிக்கத் தொடங்க வேண்டும். பிடித்த பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் சங்கத்துக்குச் சேர்க்க வேண்டும். நிறுத்த வேண்டுமானால் தனியார் துறையில் ஒரு மாத எழுத்து அறிவிப்பு, அரசுப் பணியில் மூன்று மாதம். அறிவிப்பு இரண்டு பேருக்குப் போக வேண்டும்: முதலாளிக்கும் சங்கத்துக்கும். பெரும்பாலான குழப்பம் இங்கேதான். ஒருவர் சங்கத்துக்கு மட்டும் கடிதம் கொடுத்துவிட்டு நின்றுவிடும் என்று நினைப்பார். மனிதவளப் பிரிவுக்குச் செய்தியே போயிருக்காது. அல்லது புதிய சங்கத்தின் படிவத்தை நிரப்பினாலே பழையது தானாக விலகிவிடும் என்று நினைப்பார். விலகாது. இரண்டு பிடித்தமும் சேர்ந்து ஓடும். அந்த மூன்று மாதமும் முதலாளி பிடித்துத்தான் ஆக வேண்டும், சட்டம் அப்படி. ஆகவே சங்கம் மாறுகிறவர் முதலில் விலகல் கடிதம் கொடுத்து, மூன்றாவது மாதம் முடியும் சமயத்தில் புதிய படிவத்தை ஏற்றினால் இரட்டைப் பிடித்தம் வராது. ஆனால் அந்த இடைவெளியில் வழக்கு ஏதும் வந்தால் எந்தச் சங்கம் நிற்கும் என்பதைப் புதிய சங்கத்தின் விதிகளில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். சேர்ந்த உடனே வழக்கெடுக்காத, காத்திருப்புக் காலம் வைத்திருக்கும் சங்கங்கள் உண்டு.

ஷாப் ஸ்டீவர்ட் கணக்கு 14-ஆம் பிரிவில். 10 உறுப்பினர் இருந்தால் ஒருவர். 10-க்கு மேல் இருவர். 50-ஐத் தாண்டினால் முதல் 50-க்கு இருவர், அதற்கு மேல் ஒவ்வொரு 50-க்கும் ஒருவர், மொத்தம் ஏழு வரை. 300-ஐத் தாண்டினால் முதல் 300-க்கு ஏழு, பிறகு 100-க்கு ஒருவர், பத்து வரை. 600-க்கு மேல் 200-க்கு ஒருவர், பன்னிரண்டு வரை. 1000-க்கு மேல் 500-க்கு ஒருவர், இருபது வரை. உங்கள் 130 பேருக்கு முதல் 50-க்கு இருவர்; மீதி 80-இல் முழு ஐம்பது ஒன்றுதான். ஆக மூன்று பேர்.

தேர்தல், பதவிக்காலம், நீக்கம் எல்லாம் சங்கத்தின் சொந்த விதிமுறைப்படி. மருத்துவமனையில் கூட்டம் வைப்பதுதான் பெரிய பாடு. காலை 7 முதல் இரவு 7, இரவு 7 முதல் காலை 7 என்று ஷிப்ட் ஓடும் இடத்தில் ஒரே நேரத்தில் கூட்டம் போட்டால் பாதிப் பேர் வர முடியாது; குறைந்தபட்ச வருகை சேராமல் தேர்தலே செல்லாமல் போகும். விதிமுறை இடம் கொடுத்தால் ஒரே நிகழ்ச்சி நிரலோடு இரண்டு அமர்வு வைத்து, வருகைப் பதிவேட்டைத் தொடர்ச்சியாக ஒரே ஏட்டில் எழுதுங்கள். கட்டங்கள் இப்படி இருக்கட்டும்: பெயர், பெர்சால் எண், வார்டு, ஷிப்ட், கையெழுத்து. தேர்தலில் தோற்றவர் தகராறு கிளப்பும்போது முதலில் கேட்பது அந்த ஏட்டைத்தான்.

---

உம்பிலோ_வேலன்

செல்வி அக்கா சொன்னதில் பெரும்பாலானது என் கருத்தும்தான், ஆனால் அந்த மூன்று என்ற கணக்கை அப்படியே அச்சில் போட வேண்டாம் கதிர். அதில் ஒரு பள்ளம் இருக்கிறது.

14-ஆம் பிரிவு ‘பணியிடம்’ என்கிறது. தனியார் ஆலைக்குப் பணியிடம் என்றால் அந்த ஆலை. அரசுப் பணிக்கு 213-ஆம் பிரிவில் வேறு விளக்கம் கொடுத்திருக்கிறார்கள்: கூட்டுப் பேரத்துக்கும் தகராறு தீர்வுக்கும் பேரவையின் முழு எல்லையும் பணியிடம், மற்ற காரியங்களுக்கு ஒரு தேசியத் துறை அல்லது ஒரு மாகாணத் துறை பணியிடம். அதாவது சட்டத்தின் கண்ணில் உங்கள் மருத்துவமனை தனிப் பணியிடமே இல்லை, மாகாணச் சுகாதாரத் துறை முழுவதும்தான் பணியிடம். அட்டவணையை எழுத்துக்கு எழுத்து பிடித்தால் மாகாணம் முழுவதற்கும் சேர்த்து உச்சவரம்பு இருபது ஸ்டீவர்ட் என்று வந்து நிற்கும். அதை வைத்துக்கொண்டு எந்த மருத்துவமனையையும் நடத்த முடியாது.

அதனால்தான் 20-ஆம் பிரிவு கைகொடுக்கிறது: ஸ்டீவர்ட் தேர்வு, சந்தாப் பிடித்தம் போன்ற அமைப்பு உரிமைகளைக் கூட்டு ஒப்பந்தத்தால் வேறு மாதிரி வகுத்துக்கொள்ளலாம். ஒரு மருத்துவமனைக்கு எத்தனை ஸ்டீவர்ட், எவ்வளவு சம்பளத்தோடு கூடிய விடுப்பு என்பதெல்லாம் பேரவைத் தீர்மானங்களில், துறை ஒப்பந்தங்களில் இருக்கும். 14-ஆம் பிரிவின் அட்டவணையை ஒரு ‘பார்வைக் கணக்கு’ என்று சொல்லி, கீழே ‘உங்கள் பேரவையின் நடப்புத் தீர்மானத்தைப் பாருங்கள்’ என்று கட்டாயம் போடுங்கள். நிர்வாகம் 213-ஐக் காட்டி ஸ்டீவர்ட் தேர்வை ஏற்க மறுத்தால் சட்டத்தை வைத்து வாதாடாமல் ஒப்பந்தத்தை வைத்து வாதாட வேண்டும். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

19-ஆம் பிரிவையும் சேருங்கள். பேரவையில் உறுப்பாக இருக்கும் சங்கத்துக்கு, அந்தக் குறிப்பிட்ட இடத்தில் ஆள் குறைவாக இருந்தாலும், உள்ளே வந்து உறுப்பினரைச் சந்திக்கும் உரிமையும் சந்தாப் பிடிக்கும் உரிமையும் தானாகவே உண்டு. ‘இந்த மருத்துவமனையில் உங்களுக்கு நாலு பேர்தான், உள்ளே வராதீர்கள்’ என்று வாசலில் நிறுத்தினால் காட்ட வேண்டியது இந்தப் பிரிவை.

எந்தப் பேரவை என்பதைத் தெளிவாக எழுதுங்கள். முழு அரசுப் பணிக்கும் பொதுவானவை, அதாவது சம்பள உயர்வு, வீட்டுப்படி போன்றவை, பி.எஸ்.சி.பி.சி. என்ற தேசியப் பேரவையில். அதன் கீழே துறைவாரியாக நாலு: கல்விக்கு ஈ.எல்.ஆர்.சி., சுகாதாரம் சமூக நலத்துக்கு பி.எச்.எஸ்.டி.எஸ்.பி.சி., காவலுக்கு எஸ்.எஸ்.எஸ்.பி.சி., மீதி எல்லாத் துறைக்கும் ஜி.பி.எஸ்.எஸ்.பி.சி. மாநகராட்சிக்காரர் இதில் எதிலும் இல்லை. அவர்களுக்கு உள்ளாட்சிப் பேரவை தனி. அங்கே சாம்வு, இமாட்டு என்ற இரண்டு சங்கங்கள். உங்கள் வகுப்பில் ஈத்தெக்வினி (டர்பன்) மாநகராட்சி ஊழியர் இருந்தால் அவருக்கு நீங்கள் சொல்லும் அரசுப் பணி விதிகள் பல பொருந்தாது.

கிளைக்கு என்ன வேலை என்று கேட்டீர்கள். நிறைய இருக்கிறது. குவாசூலு-நட்டால் மருத்துவமனைகளில் ஐ.எம்.எல்.சி. என்று நிர்வாகமும் சங்கங்களும் உட்காரும் குழு உண்டு. ஷிப்ட் அட்டவணை, ஓவர்டைம் பட்டியல், சீருடை, காலிப் பணியிடம், இரவு ஷிப்டுக்கு வாசல் பாதுகாப்பு எல்லாம் அங்கே பேச வேண்டியவை. செஞ்சூரியனில் இருப்பவருக்கு உங்கள் வார்டில் ஓர் இரவுக்கு எத்தனை தாதி என்று தெரியாது. அந்தக் குழுவில் வாயால் கேட்டதை விட்டுவிடாமல், கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் நிகழ்ச்சி நிரலில் ஏற்றி, போன கூட்டத்தின் குறிப்பில் ‘யார், எந்தத் தேதிக்குள்’ என்ற கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் கிளைச் செயலாளரின் முதல் கடமை.

---

செல்வி_சாட்ஸ்வர்த்

வேலன் தம்பி சொன்னது சரி. 213-ஐ நான் சேர்த்திருக்க வேண்டும். கதிர், அவர் சொன்னபடியே போடுங்கள்.

---

கதிர்_பீனிக்ஸ்

மிக்க நன்றி முத்து ஐயா, செல்வி அக்கா, வேலன் அண்ணா. இன்னும் இரண்டு விஷயம். மருத்துவமனையில் வார்டில் இல்லாமல் ரெக்கார்டு அறையில், வரவேற்பில் இருக்கிற கிளார்க் வேலைநிறுத்தத்தில் சேரலாமா? சங்கத்தில் இல்லாதவருக்கும் சம்பளச் சீட்டில் ஏதோ ஒரு தொகை பிடிக்கிறார்களே, அது என்ன?

---

டோங்காட்_தேவி

முதல் கேள்விக்குப் பதில் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். இன்றியமையாச் சேவை என்று அறிவிக்கப்பட்டதில் இருப்பவர் வேலைநிறுத்தம் செய்ய முடியாது, 65-ஆம் பிரிவு. அரசு மருத்துவமனையில் அது டாக்டர், தாதியோடு நிற்கவில்லை. அவர்களுக்குத் துணையாக இருக்கும் சமையல், மருத்துவப் பதிவேடு, வரவேற்பு, நோயாளியைத் தள்ளிச் செல்லும் போர்ட்டர், மருந்தகம், சலவை, பிணவறை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே ரெக்கார்டு அறைக் கிளார்க்கும் அதற்குள் வருகிறார். ‘நான் தாதி இல்லையே’ என்று நினைத்து வெளியே நின்றவர் பாதுகாப்பு இல்லாத வேலைநிறுத்தத்தில் மாட்டிக்கொள்வார், வேலையே போகலாம். இதை உங்கள் குறிப்பில் பெரிய எழுத்தில் போடுங்கள்.

அவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, 72-ஆம் பிரிவின்படி குறைந்தபட்சச் சேவை ஒப்பந்தம்: எந்த வார்டில் எத்தனை பேர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று எழுதி, இன்றியமையாச் சேவைக் குழு அதை ஏற்றுக்கொண்டால், மீதிப் பேர் வேலைநிறுத்தம் செய்யலாம். இன்னொன்று, 74-ஆம் பிரிவின்படி தகராறை நடுவரிடம் கொண்டுபோவது. அரசுக்குச் செலவு வைக்கும் நடுவர் தீர்ப்பு 14 நாளில் கட்டுப்படுத்தும், அதற்குள் அமைச்சர் அதை நாடாளுமன்றத்தில் வைத்தால் ஒழிய.

மற்றவர்களுக்கு வரிசை இப்படி: தகராறைப் பேரவையில் பதிவது, சமரசத்துக்கு 30 நாள், அல்லது தீரவில்லை என்ற சான்றிதழ், உறுப்பினரிடையே ரகசிய வாக்கெடுப்பு, பிறகு 7 நாள் எழுத்து அறிவிப்பு. வாக்கெடுப்பு 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் கண்டிப்பாகிவிட்டது. வாக்குச் சீட்டை எண்ணி முடித்ததும் குப்பையில் போடக் கூடாது, 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். மறியல் எங்கே நிற்கும், எத்தனை பேர் என்ற விதியும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. சட்டப்படியான வேலைநிறுத்தமானாலும் அப்படித்தான். ஆகவே எத்தனை நாள் தாங்கும் என்று உறுப்பினர் வீட்டுக் கணக்கைக் கேட்டறியாமல் வாக்கெடுப்புக்குப் போகாதீர்கள். 2007-இல் ஜூன் 1 முதல் நாலு வாரம் நின்றார்கள். கேட்டது 12%, முடிந்தது 7.5%. 2010-இல் ஆகஸ்ட் 18 முதல் செப்டம்பர் 6 வரை, கேட்டது 8.6% உயர்வும் 1000 ராண்ட் வீட்டுப்படியும், முடிந்தது 7.5 சதவீதமும் 800 ராண்டும்.

இரண்டாவது கேள்வி: அது முகவர் கட்டணம், 25-ஆம் பிரிவு. பெரும்பான்மைச் சங்கங்கள் பேசி வாங்கிய உயர்வு எல்லோருக்கும் போகிறது, சங்கத்தில் சேராதவருக்கும் சேர்த்து. அதனால் சேராதவரும் பேச்சுவார்த்தைச் செலவுக்கு ஒரு தொகை தர வேண்டும் என்ற ஒப்பந்தம். அவர் அனுமதி இல்லாமலே பிடிக்கலாம், ஆனால் சந்தாவைவிட அதிகமாக இருக்கக் கூடாது. தனிக் கணக்கில் இருக்க வேண்டும், அரசியல் கட்சிக்கு ஒரு சென்டும் போகக் கூடாது. மனச்சாட்சி காரணமாகச் சங்கம் வேண்டாம் என்பவர், தொழிலாளர் துறை நிர்வகிக்கும் நிதிக்கு அதைச் செலுத்தும்படி கேட்கலாம். செல்வி அக்கா சொன்ன மூன்று மாதம் முடிந்து சந்தா நின்றதும் அதே இடத்தில் இந்தக் கட்டணம் தோன்றும். சங்கம் ஏமாற்றுகிறது என்று ஓடி வருவார்கள். சீட்டில் உள்ள குறியீட்டைக் காட்டி விளக்குங்கள்.

---

மரிட்ஸ்பர்க்_முத்து

தேவி அம்மா சொன்ன எண்களோடு 2018-ஐயும் சேர்க்காவிட்டால் குறிப்பு முழுமை ஆகாது.

அந்த ஆண்டு பி.எஸ்.சி.பி.சி. 1-ஆம் தீர்மானம் மூன்று ஆண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டு 1 முதல் 7-ஆம் சம்பள நிலை வரை 7%, 8 முதல் 10 வரை 6.5%, 11, 12-க்கு 6%. முதல் இரண்டு ஆண்டு உயர்வு கைக்கு வந்தது. 2020 ஏப்ரல் 1-இல் வர வேண்டிய மூன்றாம் ஆண்டு உயர்வை அரசு கொடுக்கவில்லை. சங்கங்கள் வழக்குப் போட்டன. 2020 டிசம்பரில் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும், 2022 பிப்ரவரி 28-இல் அரசியல் சாசன நீதிமன்றத்திலும் தோற்றன.

காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள். 2016-ஆம் ஆண்டு அரசுப் பணி ஒழுங்குவிதிகளில் 78, 79: செலவுக்குத் துறையின் பட்ஜெட்டில் இடம் இருக்க வேண்டும், அல்லது கருவூலம் எழுத்தில் ஒப்புதல் தந்திருக்க வேண்டும். அது இல்லாமல் கையெழுத்தான ஒப்பந்தம் செல்லாது என்று முடிந்தது. தனியார் முதலாளி கையெழுத்துப் போட்டுவிட்டுப் பணம் இல்லை என்று சொன்னால் அது அவர் தொல்லை. அரசு முதலாளியாக இருக்கும்போது கையெழுத்துப் போடுபவர் வேறு, பணப்பெட்டிச் சாவி வைத்திருப்பவர் வேறு. அதனால் இப்போது உறுப்பினர் கேட்க வேண்டிய முதல் கேள்வி ‘எத்தனை சதவீதம்’ என்பது அல்ல, ‘கருவூலத்தின் கடிதம் எங்கே’ என்பது. 2018-இல் அந்தக் கேள்வியைக் கீழிருந்து யாரும் உரக்கக் கேட்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

---

உம்பிலோ_வேலன்

கால வரம்புகளையும் ஒரு கட்டம் போட்டு எழுதுங்கள், ஏனென்றால் நல்ல வழக்குகள் அதில்தான் சாகின்றன. அரசுப் பணிக் குறைதீர்ப்பு விதி 2003-ஆம் ஆண்டினது: விஷயம் தெரிந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் மனு, துறைக்கு 30 நாள் அவகாசம், பிறகு அரசுப் பணி ஆணையத்துக்குக் கொண்டுபோகலாம். பேரவையில் முதலாளியின் நியாயமற்ற தொழில் நடைமுறை மீதான வழக்குக்கு 90 நாள், பணிநீக்கத்துக்கு 30 நாள். குறை மனு ஓடிக்கொண்டிருக்கிறதே என்று இருந்தால் இந்த 90 நாள் நிற்காது, அது பாட்டுக்கு ஓடும். தாமதத்துக்கு மன்னிப்பு மனு போடலாம், ஆனால் ‘ஸ்டீவர்ட் விடுப்பில் இருந்தார்’ என்பதைக் காரணமாக ஏற்பது கடினம். ஒழுங்கு விசாரணை என்றால் பி.எஸ்.சி.பி.சி.யின் 2003-ஆம் ஆண்டு 1-ஆம் தீர்மானப்படி குறைந்தது 5 வேலை நாள் முன்னறிவிப்பு, தீர்ப்புக்குப் பிறகு மேல்முறையீட்டுக்கு 5 வேலை நாள். ஆசிரியர்களுக்கு இந்தத் தீர்மானம் இல்லை, 1998-ஆம் ஆண்டு ஆசிரியர் பணிச் சட்டத்தின் அட்டவணை. கலந்து எழுதிவிடாதீர்கள்.

---

கதிர்_பீனிக்ஸ்

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். ஸ்டாப் ஆர்டர், ஷாப் ஸ்டீவர்ட் போன்றவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடிப் போடவா, அப்படியே விடவா?

---

செல்வி_சாட்ஸ்வர்த்

அப்படியே விடுங்கள் கதிர். படிக்கிறவர் நாளைக்கு மனிதவளப் பிரிவு ஜன்னலில் போய்ச் சொல்ல வேண்டிய சொல் அதுதான். முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் ஒரு வரி விளக்கம் போதும்.

விலகல் கடிதத்துக்கு ஒரு மாதிரி வேண்டும் என்று முன்பு சிலர் கேட்டார்கள், அதையும் கடைசிப் பக்கத்தில் போடுங்கள். ஆங்கிலத்தில் எழுத வேண்டியதுதான், பொருள் இது: ‘எல்.ஆர்.ஏ. 13(3)-ஆம் பிரிவின்படி, இன்ன சங்கத்துக்கு என் சம்பளத்திலிருந்து சந்தா பிடிக்க நான் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறுகிறேன். இந்த அறிவிப்பு இன்ன தேதியில் தொடங்கி மூன்று மாதத்தில் முடிகிறது. இதன் நகல் சங்கத்துக்கும் கொடுக்கப்பட்டுள்ளது.’ கீழே பெயர், பெர்சால் எண், பணியிடம், கையெழுத்து, தேதி. இரண்டு நகலிலும் பெற்றுக்கொண்டவர் கையெழுத்தும் முத்திரையும். நாலாவது மாதச் சம்பளச் சீட்டு வரும்வரை அந்த நகலைத் தொலைக்க வேண்டாம் என்று அடியில் ஒரு வரி எழுதுங்கள்.